ஆறாம் கட்டில், கிளாரிஸா ஹோல்புரூக்

பேரைப் பார்த்துவிட்டுத்தானே கேட்கிறீர்கள்? பரவாயில்லை அண்ணே. இந்தப் பத்தொன்பது நாளில் எல்லாரும் கேட்டாயிற்று. தலைமாட்டு அட்டையில் கிளாரிஸா ஹோல்புரூக், வயது 61 என்று எழுதியிருக்கிறது. கட்டிலில் படுத்திருப்பது நம்மைப் போல ஒரு கறுத்த அம்மா. ரத்தம் எடுக்க வருகிற பெண் முதல் நாள் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், பேஷண்ட் மாறிப்போச்சா?" என்று கேட்டாள். மாறவில்லை. என் அக்காதான். கூடப்பிறந்த அக்கா.

உட்காருங்கள். நாலு மணிக்குத்தான் கதவைத் திறப்பார்கள், இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கிறது.

நீங்கள் ஏழாம் கட்டில், இல்லையா? உங்கள் அம்மாதானே நேற்றுக் கஞ்சியில் உப்பில்லை என்று வார்டையே ஒரு கலக்குக் கலக்கினார்கள்? கொடுத்துவைத்தவர் நீங்கள். வாய் போகவில்லை. என் அக்காவுக்கு வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் ஒரே காலையில் போய்விட்டது. கண் திறந்திருக்கிறது, ஆனால் யார் மேலும் நிற்பதில்லை. சின்ன டாக்டரம்மா சொல்கிறார், காது கேட்கிறதாம். "பழக்கமான பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க சார். ஒரு தடவ கூப்பிட்ட ஆள் பக்கம் திரும்பிட்டாங்கன்னா, அதப் பிடிச்சு மேல ஏத்திரலாம்." தினமும் நாலிலிருந்து ஐந்து வரை எனக்கு அதுதான் வேலை. அக்கா என்கிறேன். கிளாரிஸா அக்கா என்கிறேன். நர்சுகள் கிளாரிஸா டீச்சர், கிளாரிஸா மேடம் என்று காதுக்கிட்டே கத்துகிறார்கள். கூரையைப் பார்த்தபடி கிடக்கிறாள். சனிக்கிழமை வரை பார்ப்போம், இல்லையென்றால் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு என்றால் எதற்கு என்று நமக்குத் தெரியாதா.

இன்றைக்கு வியாழன்.

பேரைக் கேட்டீர்களே. சொல்கிறேன். சொல்லாமல் இருந்தால் எனக்கும் மூச்சு முட்டுகிறது.

எங்களுக்கு வத்தலக்குண்டு பக்கம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கும். வெள்ளைக்கார அம்மா ஒருத்தி, கழுத்துவரைக்கும் பித்தான் போட்ட கறுப்புச் சட்டை, நடுவகிடு, கொஞ்சம்கூடச் சிரிக்காத வாய். படத்துக்குக் கீழே பழுப்பு மையில் இங்கிலீஷில் ஒரு வரி: கிளாரிஸா ஹோல்புரூக்குக்கு, கிளாரிஸா ஹோல்புரூக்கிடமிருந்து.

எங்கள் அப்பாவின் அப்பத்தா பேரும் கிளாரிஸா ஹோல்புரூக். சர்ச் கல்யாண ரிஜிஸ்தரில் இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். 1889, உபதேசியார் மாசிலாமணிக்கும் கிளாரிஸா ஹோல்புரூக்குக்கும் விவாகம். அந்த அப்பத்தாவை அப்பா பார்த்ததில்லை. இவர் பிறப்பதற்கு முந்தியே இறந்துவிட்டாள். இவருடைய அப்பாவும் இவருக்கு ஏழு வயதில் போய்விட்டார். கேட்க ஆளில்லை. இவராகவே படத்தையும் ரிஜிஸ்தரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அமெரிக்காவில் ஒரு கிளாரிஸா. அவள் பெற்ற மகள் இன்னொரு கிளாரிஸா, கப்பலேறி இங்கே வந்து நம் உபதேசியாரைக் கட்டிக்கொண்டாள். அம்மா மகளுக்கு அனுப்பிய படம்தான் இது. வேறு எப்படி இருக்க முடியும்? அந்தப் பேரையே முழுசாக அக்காவுக்கும் வைத்தார்.

கேட்க ஆளில்லை என்றேன். ஆள் இருந்தது. பெரியத்தை இருந்தாள், அப்பாவுக்கு மூத்தவள். ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது படத்தின் கீழே நின்றுகொண்டு, "வெள்ளைக்காரி பேத்தின்னா எனக்கு ஏண்டா இந்த நெறம்?" என்று கேட்டாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "வெயிலு" என்றார். அத்தை சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். பெண்கள் சொல்வதை அப்பா காதில் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை. பழைய கால மனுஷர்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஜாதி பார்க்கிற பழக்கம் அறவே கிடையாது. வம்சம்தான் பார்ப்பார். நீங்க எந்த ஆளுங்க என்று யாராவது சுற்றி வளைத்துக் கேட்டால் பேசவே மாட்டார், கையை மட்டும் படத்தை நோக்கி நீட்டுவார். அவ்வளவுதான். கேட்டவன் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவான்.

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களையும் அப்படித்தான் அனுப்பினார். மூன்று பேர் வந்தார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து பாங்க்கில் வேலை பார்க்கிறவர் ஒருத்தர். அப்புறம் கம்பவுண்டர் மகன் ஒருத்தன். மூன்றாவது ஆரோன் சார், அக்கா வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே கணக்கு வாத்தியார். அவர் தனியாக, சைக்கிளில், தானே வந்து கேட்டார். அப்பா அவரைப் படத்துக்கு எதிரே உட்கார வைத்து, "உங்க பாட்டனுக்குப் பாட்டன் பேரு தெரியுமா தம்பி?" என்று கேட்டார். அவர் தெரியாது சார் என்றார். "எங்க வீட்ல தெரியும்" என்றார் அப்பா. அதோடு முடிந்தது. அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது பதிமூன்று வயது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. துருவுகிற சத்தம் நிற்கவே இல்லை. அக்கா எதையும் பெரிதாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை, அதற்காகச் சொல்கிறேன்.

நான் அமெரிக்கா போனேன். இருபத்திரண்டு வருஷம். சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. அப்பா விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வெளியூருக்குப் போகலடா, சொந்த ஊருக்குப் போற" என்றார். அவர் இறந்தபோது வர முடியவில்லை. அம்மா இறந்தபோதும். எல்லாம் அக்கா பார்த்துக்கொண்டாள். அவள்தான் தனியாள், அவளுக்கு என்ன வேலை என்று... இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது. பார்த்துக்கொண்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலை போயிற்று. திரும்பி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு காரணம்தான். வீட்டுக்காரியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். பிரிவெல்லாம் கிடையாது அண்ணே, ஒரு ஏற்பாடு.

வேலை இல்லாதவனுக்கு நேரம் இருக்கிறது அல்லவா. ஹோல்புரூக் வம்சத்தைத் தேடத் தொடங்கினேன். மாசசூசெட்ஸில் வெஸ்ட் ஹார்லோ என்று ஒரு சின்ன ஊர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம் காரில். அங்கே ஒரு பழைய லைப்ரரியின் கீழ்த்தளத்தில் பெட்டி பெட்டியாகக் காகிதம். இரண்டரை வருஷம் போனேன். கிளாரிஸாவின் அம்மா வழியைப் பிடித்து மேலே ஏறினேன். அப்பா வழியை யார் வேண்டுமானாலும் தேடலாம். பெண் வழி அப்படி இல்லை. கல்யாணமானதும் பேர் போய்விடும். இன்னாருடைய மனைவி என்று மட்டும் இருக்கும், சில இடத்தில் அதுவும் இருக்காது. உயிலைப் பிடிக்க வேண்டும். 'என் மகள் மெர்சிக்கு என் இரும்புச் சட்டி' என்று ஒருத்தி எழுதிவைத்திருப்பாள். அந்தச் சட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு தலைமுறை ஏற வேண்டும்.

ஏறினேன் அண்ணே. கிளாரிஸாவின் அம்மா ரூத். ரூத்துக்கு அம்மா தேங்க்ஃபுல். ஆமாம், பேரே அதுதான், நன்றியுள்ளவள். அவளுக்கு அம்மா சப்மிட். கீழ்ப்படி என்று ஒரு பிள்ளைக்குப் பேர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அவளுக்கு மெர்சி, மெர்சிக்கு பேஷன்ஸ், பேஷன்ஸுக்கு ஆலிஸ். அந்த ஆலிஸ் 1635-இல் பத்தொன்பது வயதில் கப்பலில் வந்து இறங்கியவள், ஒரு வீட்டில் வேலைக்காரியாக. அமெரிக்கா என்று ஒரு தேசமே இல்லாத காலம், வெள்ளைக்காரன் காலனியாக இருந்த காலம். அந்த ஆலிஸ் சாகும்போது வைத்திருந்த பசுமாட்டின் பேர்கூட எனக்குத் தெரியும். செர்ரி. உயிலில் எழுதியிருக்கிறாள்.

ஏழு தலைமுறை. ஏழு பெண்கள். ஒவ்வொரு பேருக்கும் ஓர் ஆவணம். ஆவணம் இல்லாமல் ஒரு பேரைக்கூட நான் எழுதியதில்லை. ஹோல்புரூக் குடும்ப சங்கத்துக்கு ஒரு செக்ரட்டரி இருக்கிறார், டுவைட் என்று, எண்பத்தொரு வயது. என் அட்டவணையைப் பார்த்துவிட்டு, எங்கள் ஆட்களே இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை என்றார். அந்த வருஷம் அவர்களுடைய குடும்பக் கூட்டத்துக்கு என்னை அழைத்தார்கள். ஒரு பூங்காவில் வைத்து. சட்டையில் குத்திக்கொள்ள எல்லாருக்கும் பேர் அட்டை கொடுத்தார்கள். என்னுடையதில் விருந்தினர் என்று இருந்தது. யாரும் பார்க்காதபோது அதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் டுவைட் அவர்களுடைய குடும்பப் புத்தகத்தைக் காட்டினார். எழுநூறு பக்கம். அதில் கிளாரிஸாவுக்கு ஒரே ஒரு வரி. 'கிளாரிஸா, பிறப்பு 1821, மணமாகாதவர், சந்ததி இல்லை.'

சந்ததி இல்லை. அப்படியென்றால் நாங்கள் யார்?

என்ன, யாரைக் கூப்பிடுகிறார்கள்? ஏழாம் கட்டில், பேச்சியம்மாள் அட்டெண்டர்... உங்களைத்தான் அண்ணே. மருந்துச் சீட்டாக இருக்கும். போய் வாங்கிக்கொண்டு வாருங்கள், உங்கள் பையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வந்துவிட்டீர்களா. ஊசி மருந்தா? கீழே இரண்டாம் நம்பர் கவுண்டரில் கூட்டமில்லாமல் கிடைக்கும்.

உங்கள் அம்மா பேர் பேச்சியம்மாளா. நான் தலைமாட்டு அட்டையைக் கவனிக்கவில்லை. தப்பாக நினைக்காதீர்கள், அந்தப் பேர் எங்கள் வீட்டில் ஒரு பெரிய சண்டை. எங்கள் அம்மா பின்கட்டில் துணி துவைக்கும்போது அக்காவை, "ஏ பேச்சி, அந்த வாளியக் கொண்டா" என்பாள். வேறெங்கும் கூப்பிட மாட்டாள். துவைகல் பக்கத்திலும் அடுப்படியிலும் மட்டும். அப்பா காதில் ஒரு நாள் விழுந்துவிட்டது. "பிசாசு பேர இந்த வீட்டுக்குள்ள கொண்டாராத" என்று செம்பைத் தூக்கி எறிந்தார். அம்மா நாலு நாள் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் மறுபடி, மெதுவாக, "பேச்சி." ஏம்மா இப்படி என்று நானே கேட்டேன். "நம்ம வீட்டு மூத்த பொண்ணுன்னா அடுப்படியில பேச்சிதான்டா. உங்க பெரியத்தையும் பேச்சிதான். எனக்கு எங்க மாமியார் சொன்னாங்க. அவங்களுக்கு அவங்க மாமியார் சொல்லியிருக்கு, விட்றாதீங்கன்னு." எதற்கு விடக்கூடாது என்று கேட்டேன். "அதக் கேக்கலயே" என்றாள். இப்படி எத்தனையோ அர்த்தமில்லாத பழக்கம், ஒவ்வொரு வீட்டிலும்.

எங்கே விட்டேன்? சந்ததி இல்லை.

மறுபடியும் அந்தக் கீழ்த்தளத்துக்குப் போனேன். நாலு மாதம். கடைசியில் பெண்கள் சங்கம் என்று எழுதின ஒரு பெட்டியில் பதினொரு கடிதம் கிடைத்தது. நம் பக்கத்துப் போர்டிங் பள்ளிக்கூடத்து அம்மா ஒருத்தர், மிஸ் ஆம்ஸ்டெட், கிளாரிஸாவுக்கு எழுதியவை. முதல் கடிதம் 1877. தாது வருஷப் பஞ்சம் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரோட்டோரத்தில் கிடந்த பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டுவந்து போர்டிங்கில் சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் யாராவது ஒரு பிள்ளையின் வருஷச் செலவை ஏற்றுக்கொண்டால், அந்தப் பிள்ளைக்கு அவர்கள் பேரையே வைத்துவிடுவார்களாம். முழுப்பேரும், குடும்பப் பேரோடு. அது அப்போது வழக்கம். கிளாரிஸாவுக்குப் புருஷனும் கிடையாது பிள்ளையும் கிடையாது. வீட்டில் உட்கார்ந்து வைக்கோல் பின்னித் தொப்பிக்காரனுக்குக் கொடுத்து, அதில் மிச்சம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். பேர் நிற்கட்டும் என்றுதானே.

ஆக, எங்கள் அப்பாவின் அப்பத்தா கப்பலில் வரவில்லை. ரோட்டோரத்திலிருந்து வந்தவள். ஏழு வயதோ எட்டு வயதோ. எந்த ஊர், யார் பெற்றது, ஒன்றும் இல்லை.

இரண்டாவது கடிதம் எனக்கு மனப்பாடம். 'உங்கள் சிறுமி நலம். முதல் மாதம் கிளாரிஸா என்று எத்தனை முறை அழைத்தாலும் அவள் திரும்பவே இல்லை. செவிடோ என்று அஞ்சினோம். தன் பழைய பேரைச் சொன்னால் மட்டும் திரும்புவாள். ஆகவே அந்தப் பேரை யாரும் உச்சரிக்கக் கூடாதென்று விதித்தோம். இப்போது உங்கள் பேருக்குத் திரும்புகிறாள் என்பதைத் தெரிவிக்க மகிழ்கிறேன்.'

பழைய பேர் என்னவென்று எழுதவில்லை அண்ணே. பதினொரு கடிதத்திலும் இல்லை. இங்கே வந்து போர்டிங் ரிஜிஸ்தரையும் பார்த்துவிட்டேன். பதினாலாம் நம்பர், கிளாரிஸா ஹோல்புரூக், பஞ்சப் பிள்ளை. பழைய பேருக்கு ஒரு கட்டமே போடவில்லை. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி ஓர் ஆலிஸ் வளர்த்த பசுமாட்டுக்குப் பேர் இருக்கிறது. என் அப்பாவைப் பெற்றவரைப் பெற்றவளுக்குப் பேர் இல்லை.

டுவைட்டுக்கு எழுதினேன். மனுஷர் இரக்கப்பட்டுப் பதில் போட்டார். அடுத்த பதிப்பில் கிளாரிஸாவின் வரிக்குக் கீழே ஓர் அடிக்குறிப்பு சேர்க்கிறாராம், இந்தியாவில் அவர் பேரைத் தாங்கிய ஒரு சிறுமி இருந்தாள் என்று. அவளுடைய சொந்தப் பேரையும் ஆதாரத்தோடு அனுப்புங்கள் என்கிறார். ஆதாரம் இல்லாமல் போட மாட்டார்கள். சரிதானே? நானாக இருந்தாலும் போட மாட்டேன்.

நான் ஊருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா அண்ணே? அறுபத்தொரு வயது வரைக்கும் ஒருத்தி ஒரு பொய்ப் படத்துக்குக் கீழே வாழ்ந்தால், தம்பி என்று இருப்பவன் சொல்ல வேண்டாமா? எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். ஏழு தலைமுறையையும் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்தேன். அக்கா அழுவாள், அதிர்ந்துபோவாள் என்று நினைத்திருந்தேன். அவள் மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு கேட்டாள். சந்ததி இல்லை என்று வாசித்தபோது மட்டும், "ஒரு வரியில முடிச்சிட்டாங்களா அவள?" என்றாள்.

"உனக்கு அதிர்ச்சியாவே இல்லையாக்கா?" என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"எதுக்கு? அது நம்ம ஆளு இல்லன்னு எங்களுக்குத் தெரியுமே."

"எங்களுக்குன்னா?"

"அம்மாவுக்கு, அத்தைக்கு, எனக்கு."

"அப்புறம் ஏன் அப்பாகிட்ட சொல்லல?"

"அப்பா முன்னாடி யாருடா வாயத் தொறந்தா?"

"ஆரோன் சார் வந்தப்பகூடவா?"

அவள் தட்டில் சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். அப்புறம் கேட்டாள், "அந்தப் பிள்ளைக்கு என்ன பேராம்?"

"எழுதலக்கா. எங்கேயுமே எழுதல."

"எழுதலன்னா பேரு இல்லாமப் போயிருமா?" சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அவள் சிரித்துப் பார்த்தேன். கையைக்கூடக் கழுவாமல் என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். "நான் ஒண்ணு சொல்றேன், கேக்குறியா?"

நான் சொன்னேன், "மொதல்ல அது எங்கயிருந்து வந்துச்சுன்னு சொல்லு. எழுத்துல இருக்கா?" கோபமாகக் கேட்கவில்லை அண்ணே. பழக்கம். இரண்டரை வருஷப் பழக்கம். டுவைட் என்னிடம் கேட்பது போலத்தான் நானும் கேட்டேன்.

அவள் தட்டுப் பக்கமே திரும்பிக்கொண்டாள். அப்புறம், "ரசம் ஊத்தவா?" என்றாள்.

அவ்வளவுதான். படத்தைக் கழற்றிவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும், அவளும் பாவம். போக எடமில்ல அவளுக்கும்" என்றாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் சாதாரணமாகத்தான் இருந்தோம். காபி, பேப்பர், மோட்டார் போட்டாயா, தண்ணி வந்ததா. பிறகு ஒரு காலையில் பின்கட்டில், துவைகல் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். நான் மாடியில் டுவைட்டுக்கு மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் கிடந்தாள் என்று தெரியாது. அவள் துவைத்துக் கல்லில் போட்ட சட்டை காய்ந்திருந்தது, வாளியில் இருந்ததெல்லாம்... விடுங்கள்.

என்ன சொல்ல நினைத்தாளோ. போர்டிங் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதாவது காகிதம் எங்காவது வைத்திருந்தாளோ என்னவோ. பீரோ முழுக்கத் தேடிவிட்டேன். ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. ஆரோன் சார் பள்ளிக்கூட நோட்டில் எழுதின ஒரு கணக்கு மட்டும் மடித்து வைத்திருந்தாள். கணக்குத்தான், கடிதம் இல்லை.

நேற்று ஒன்று நடந்தது, நீங்களும் இருந்தீர்களே. உங்களிடம் கேட்க வேண்டும் என்றிருந்தேன். உங்கள் மகள் தூக்குவாளியோடு வந்து அந்த ஓரத்தில் நின்றாளா? கைப்பிள்ளைக்காரி, பச்சைச் சேலை. நீங்கள் இங்கிருந்து ஏதோ சத்தம் போட்டுக் கூப்பிட்டீர்கள். அந்த நிமிஷம் என் அக்கா தலையைத் திருப்பினாள். இடது பக்கம், உங்கள் பக்கம். கழுத்து நரம்பு புடைத்துத் திரும்பினாள் அண்ணே, கண் யாரையோ தேடியது. கண்ணில் தண்ணீர் நின்றது. நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம், வலது பக்கம் நின்றிருந்தேன். ஓடிச் சுற்றி வருவதற்குள் கண் கூரைக்குப் போய்விட்டது. டாக்டரம்மாவைக் கூட்டிவந்தேன். "என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டீங்க?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லையே. "அப்ப தற்செயலா இருக்கலாம் சார்" என்று போய்விட்டார்.

நீங்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள்?

...

மகளுக்கும் அதே பேரா? ஆத்தா பேரையே பேத்திக்கு... ஆமாம், ஆமாம், உங்கள் பக்கம் அப்படித்தான் வைப்பீர்கள். ஏ பேச்சி, இங்கிட்டு வா. அதுதானா சொன்னீர்கள்?

சரி.

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்?

இல்லை அண்ணே. நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. நீங்கள் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டீர்கள். மாமியார் மருமகளுக்குச் சொல்லி, அந்த மருமகள் தன் மருமகளுக்குச் சொல்லி, விட்றாதீங்கன்னு. போர்டிங்கில் சொல்லவிடாத பேரை அவள் அடுப்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டாள் என்கிறீர்கள். இருக்கலாம். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆதாரம் வேண்டும் அல்லவா? இந்தப் பக்கத்தில் பேச்சி என்று பத்து வீட்டுக்கு ஒருத்தி இருப்பாள். அம்மா இல்லை, அத்தை இல்லை. சொல்லத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். அவளை நான்...

ரசம் ஊத்தவா என்று கேட்டாள் அண்ணே. நான் ஊற்று என்றேன்.

நானா? நான் கூப்பிடுவதா? உள்ளே போய், அந்தப் பேரைச் சொல்லியா? சிரிப்பாக இருக்கிறது உங்களுக்கு. நாற்பத்தெட்டு வயதில் ஒரு தடவைகூட அந்தப் பேரை என் வாயால் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் கதையாகச் சொன்னேனே, அது வேறு. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு. கூப்பிடுகிற உரிமை அடுப்படி ஆட்களுக்குத்தான் இருந்தது. நான் கூடத்தில் படத்துக்குக் கீழே உட்கார்ந்து படித்தவன். வாய் எடுத்தால் அப்பா காதில் விழுந்துவிடும் போலிருக்கிறது. பத்தொன்பது வருஷமாயிற்று அவர் போய். நேற்றுக்கூட, உங்கள் சத்தம் கேட்டதும் அக்கா திரும்பியதும் என் நெஞ்சுக்குள் முதலில் என்ன வந்தது தெரியுமா? ஐயோ, செம்பு பறக்கப் போகிறது என்று.

மணி அடித்துவிட்டார்கள். செருப்பை இங்கேயே விடுங்கள், உள்ளே திட்டுவார்கள். பையை மறந்துவிடாதீர்கள், உங்கள் அம்மாவுக்கு உப்பு எடுத்து வைத்திருக்கிறீர்கள்தானே.

அண்ணே, ஒரு நிமிஷம். இன்றைக்கும் உங்கள் மகள் வருவாளா? நாலரைக்கா? வந்தால் நேற்றுப் போலவே ஒரு தடவை கூப்பிடுங்கள். அவள் பக்கத்திலேயே நின்றாலும் பரவாயில்லை, கொஞ்சம் சத்தமாக. யாருக்கும் தெரிய வேண்டாம்.

நான் இன்றைக்கு இடது பக்கம் நின்றுகொள்கிறேன்.